மழையும் காற்றும் தாங்கும் இயற்கைத் துணிகள்: நான்கு மேலங்கிகளை உடுத்திப் பார்த்த மதிப்பீடு

வெளியில் நெடுநேரம் நடப்பதற்கும் மலையேறுவதற்கும் உடை தேடுபவர்களின் முன் முதலில் எடுத்து வைக்கப்படுவது, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒட்டிய மழையங்கிதான். அது பயனுள்ள பொருள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் எந்தச் சவ்வும் ஒட்டப்படாத பருத்தியும் கம்பளியும், நெசவின் நெருக்கத்தாலும் நாரின் இயல்பாலும் மட்டுமே மழையை நெடுநேரம் தள்ளிப்போடவும் காற்றை மறிக்கவும் வல்லவை என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன். கடந்த சில ஆண்டுகளில் நெருக்கமாக நெய்த பருத்தி, மெழுகேற்றிய பருத்தி, அடித்து இறுக்கிய கம்பளி, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி ஆகிய நான்கிலும் தைத்த மேலங்கிகளை மாற்றி மாற்றி உடுத்தியிருக்கிறேன். அவற்றோடு நனைந்திருக்கிறேன், அவற்றை உலர்த்தியிருக்கிறேன், கிழிந்த இடங்களைத் தைத்துமிருக்கிறேன். அவற்றுள் எது எந்த வேலைக்கு ஏற்றது, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். நடப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நெருக்கமாக நெய்த பருத்தியைத்தான். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீரைத் தாங்கும் துணி வேறு, நீரே புகாத துணி வேறு. துணியின் மேல் நீரை ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தில் அது கசியத் தொடங்குகிறது என்று ஐஎஸ்ஓ 811 என்ற முறைப்படி அளக்கிறார்கள். சவ்வு ஒட்டிய மழையங்கிகள் 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. நெருக்கமாக நெய்த பருத்தியின் ஒற்றை அடுக்கு 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் பருத்தியை உடனே ஒதுக்கிவிடுவார். ஆனால் நடந்துகொண்டிருப்பவரின் முதுகிலும் கையிலும் விழும் மழைத்துளி நொடிப்பொழுது தட்டிவிட்டு வழிந்தோடிவிடுகிறது. அது அங்கே தேங்கி அழுத்துவதில்லை. அழுத்தம் உண்டாவது பையின் பட்டை உட்காரும் தோளிலும், ஈரத்தரையில் ஊன்றும் முழங்காலிலும், நனைந்த கல்லில் அமரும் இடத்திலும்தான். இயற்கைத் துணிகள் முதலில் தோற்பதும் அந்த இடங்களில்தான். மற்ற இடங்களில், தூறலிலும் நடுத்தர மழையிலும், அவை பலரும் எதிர்பார்ப்பதைவிட மிக நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் நடப்பவருக்கு வியர்க்கும். அந்த வியர்வை ஆவி துணியைத் தாண்டி வெளியேற வேண்டும். ஆவி தன் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் நகரும். வெளியே வெதுவெதுப்பாகவும் ஈரப்பதம் நிறைந்தும் இருக்கையில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடுகிறது. அப்போது எவ்வளவு நுட்பமான சவ்வாக இருந்தாலும் ஆவி மெதுவாகவே வெளியேறும். அதோடு மழையங்கியின் மேல்துணி ஊறி அதன்மீது நீர்ப்படலம் படிந்துவிட்டால் வெளியேறும் வழி மேலும் அடைபடுகிறது. என் பழைய மழையங்கி கசிகிறது என்று இரண்டு பருவங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழையே இல்லாத மூடுபனியில் அதை அணிந்து மேடேறிக் கழற்றியபோது சட்டை முழுதும் நனைந்திருந்ததைக் கண்டபின்தான், இத்தனை நாளும் என்னை நனைத்தது என் வியர்வை என்பது புரிந்தது. காற்றோட்டமுள்ள துணிகளின் மேல் என் கவனம் திரும்பியது அன்றிலிருந்துதான்.

நெருக்கமாக நெய்த பருத்தியில் வென்டைல் என்ற பெயரே முன்னால் நிற்கிறது. அதன் பிறப்பு இரண்டாம் உலகப் போரோடு சேர்ந்தது. தீயணைப்புக் குழாய்களை அதுவரை ஆளிநாரில் நெய்துவந்தார்கள். போர் வந்தால் ஆளிநார் கிடைக்காமல் போகும் என்ற அச்சத்தில், அதற்கு மாற்றாகப் பருத்தியை எப்படி நீர் கசியாமல் நெய்வது என்ற ஆய்வு 1930களின் பிற்பகுதியில் மான்செஸ்டரில் இருந்த ஷர்லி ஆய்வு நிலையத்தில் நடந்தது. போரின்போது வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக் வழியிலும் சென்ற சரக்குக் கப்பல்களைக் காக்க, கப்பலின் மேலிருந்தே போர் விமானங்கள் எறியப்பட்டன. அவற்றுக்குத் திரும்பி இறங்க ஓடுதளம் இல்லை. அருகில் கரை இல்லாதபோது விமானி கடலில்தான் குதிக்க வேண்டும். அந்த உறைகுளிர் நீரில் சாதாரண உடையோடு சில நிமிடங்களே உயிர் தாங்கும். விமானி அறைக்குள் வியர்த்து அவியாமல் அணிந்திருக்கவும் வேண்டும், கடலில் விழுந்தவுடன் நீரை மறிக்கவும் வேண்டும் என்ற இந்த இரட்டைத் தேவைக்குத்தான் இத்துணி கைகொடுத்தது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. பருத்தி நார் நனைந்தால் நீளத்தில் அதிகம் மாறாமல் குறுக்கில் பருக்கும். சாதாரணச் சட்டைத் துணியில் இழைகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருப்பதால், நார் பருத்தாலும் துளை அடைபடுவதில்லை. மிக நீண்ட நாருள்ள பருத்தியை மென்மையாக முறுக்கி, இரட்டைப்புரியாக்கி, பாவிலும் ஊடையிலும் இனி ஒரு நூலும் நுழையாது என்னும் அளவுக்கு நெருக்கி நெய்தால், உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள துளைகள் நனைந்தவுடன் 3, 4 மைக்ரானாகச் சுருங்கிவிடுகின்றன. மழை பட்டதும் துணி தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. மழை விட்டு உலர்ந்ததும் மீண்டும் திறந்துகொள்கிறது. பூசிய எதுவும் உரிந்து போவதற்கில்லை என்பதால், துணி கிழியும்வரை இந்தக் குணம் அதனோடு இருக்கும். இவ்வளவு நெருக்கமான நெசவு காற்றுக்கு இடம் கொடுப்பதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டு முகட்டில் பக்கவாட்டாக வீசும் காற்றில் நின்றபோது, மெல்லிய கம்பளி உள்ளாடையும் இந்த மேலங்கியும் மட்டுமே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

நான் அணிவது இவ்வகைத் துணியின் ஒற்றை அடுக்கில் தைத்தது. தூறலில் இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே ஈரமே தெரியாது. நடுத்தர மழையில் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் தோளில் பைப்பட்டையின் அடியில் குளிர்ச்சி தட்டுப்படும். பிறகு முன்கை மடிப்பில் தெரியும். கொட்டும் மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நம்பி நிற்க மாட்டேன். இரண்டு அடுக்காகத் தைத்தவை இதைவிட வெகுநேரம் தாங்கும். ஆனால் கனமும் ஏறும், உலர எடுக்கும் நேரமும் கூடும். நனைந்த பருத்தி மேலங்கி பாரமாகிவிடுகிறது, உலர ஓர் இரவு போதாமலும் போகிறது என்பதுதான் இதன் பெரிய குறை. நனைந்த நிலையில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கினால் துணி பலகைபோல் விறைத்துப்போய், கையை மடக்குவதே சிரமமாகிவிடும். மழையும் உறைபனியும் ஒரே நாளில் மாறி மாறி வரும் இடத்துக்கு இதை எடுத்துச் செல்ல வேண்டாம். உலர்ந்த கடுங்குளிரிலோ இதைவிட வசதியான காற்றுத்தடுப்பு உடையை நான் அணிந்ததில்லை. இன்னொரு நன்மை, இது சத்தம் செய்வதில்லை. பாலியெஸ்டர் மேலங்கியின் கைகள் உரசும் சரசரப்பு இதில் அறவே கிடையாது. பறவைகளையும் விலங்குகளையும் பார்க்கச் செல்பவர்கள் இத்துணியை விரும்புவதற்கு இதுவே காரணம்.

வாங்கும்போது துணியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தையலையும் பார்க்க வேண்டும். ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் ஒரு துளை. பருத்தி நூலால் தைத்திருந்தால் அந்த நூலும் நனைந்து பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். செயற்கை நூலுக்கு அந்தப் பருமன் வருவதில்லை. தோளின் உச்சியில் தையல் ஓடாமல், முன்னாலோ பின்னாலோ சற்று இறங்கி ஓடும்படி வெட்டிய மேலங்கியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டையின் அழுத்தமும் தையல் துளையும் ஒரே இடத்தில் கூடினால் அங்கே கசிவது உறுதி. என் முதல் பருத்தி மேலங்கியைத் தைத்தவர், துணியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய அக்கறையைத் தையலில் காட்டவில்லை. தோள் உச்சியில் இரட்டைத் தையல் ஓடியது, ஜிப்பின் மேல் மறைப்பும் இல்லை. அரை மணி நேர மழையில் இரண்டு தோளிலும் நெஞ்சின் நடுக்கோட்டிலும் நனைந்து, துணியின்மேல் வீணாகப் பழி போட்டேன்.

விலைச்சீட்டில் எழுதியிருக்கும் நாரின் பெயரைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. ‘நூறு விழுக்காடு பருத்தி’ என்ற சொல் டீ-சட்டைக்கும் பொருந்தும், மேலே சொன்ன துணிக்கும் பொருந்தும். மலையேறுபவர்களிடையே பருத்தி ஆளைக் கொல்லும் என்றொரு எச்சரிக்கை உலவுகிறது. உடலை ஒட்டி அணியும் பின்னல் பருத்திக்கும் ஜீன்ஸுக்கும் அது முற்றிலும் உண்மை. அவை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடல் சூட்டைப் பறிக்கின்றன. வெளி அடுக்காக அணியும் நெருக்கமான நெசவுக்கு அந்த எச்சரிக்கையை அப்படியே நீட்டுவது சரியன்று. துணியைக் கையில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. விளக்கின் முன் விரித்துப் பிடித்தால் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியக் கூடாது. உதட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து ஊதினால் மறுபுறம் உள்ள விரலில் மூச்சு படக் கூடாது. துண்டுத் துணி கிடைத்தால் அதை ஒரு டம்ளரின் வாயில் குழிவாக அமர்த்தி, மேலே இரண்டு விரற்கடை நீர் ஊற்றி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அடியில் சொட்டியதா என்று பார்க்கலாம். நீர் ஊற்றியவுடன் சில துளிகள் கசிந்து, பிறகு கசிவு நின்றுவிட்டால் அது நல்ல அறிகுறி; நார் பருத்துத் துளையை அடைத்துவிட்டது என்று பொருள். முதல் துளியைக் கண்டதுமே துணியை ஒதுக்கிவிட வேண்டாம்.

இந்த நெசவுக்கு மூத்த உறவு கேபர்டீன். ஆங்கிலேய உடை வணிகர் தாமஸ் பர்பெரி 1879இல் உருவாக்கி 1888இல் காப்புரிமை பெற்ற அத்துணியில், நெய்த பிறகு பூசாமல் நூலையே முதலில் நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பிறகு சாய்வரி நெசவில் நெருக்கி நெய்தார்கள். 1911இல் தென்துருவத்தை எட்டிய ரோல்ட் அமுண்ட்சனின் குழுவும், பின்னர் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் அதை நம்பிச் சென்றார்கள். 1924இல் எவரெஸ்டில் மறைந்த மலையேறி ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது, அவர் அணிந்திருந்த பருத்தி, பட்டு, கம்பளி அடுக்குகளும் அவற்றின் மேல் இருந்த கேபர்டீனும் ஆராயப்பட்டன. அவற்றை ஒத்த உடைகளைத் தைத்து 2006இல் எவரெஸ்டின் சரிவிலேயே அணிந்து பார்த்தார்கள். எடை குறைவாகவும் அசைவுக்கு இதமாகவும் இருந்தன, நல்ல வானிலையில் நகர்ந்துகொண்டிருப்பவருக்கு அவை போதும், இரவில் அங்கே தங்க நேர்ந்தால் போதாது என்பதே அந்தச் சோதனையின் முடிவு. என் சிறிய அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. நடக்கும்போது இயற்கைத் துணியின் பலம் வெளிப்படும். அசையாமல் நனைந்து நிற்கும்போது அதன் பலவீனம் வெளிப்படும்.

இனிக் கம்பளி. கம்பளி நாருக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குணங்கள் ஒரே உடம்பில் அமைந்திருக்கின்றன. அதன் மேற்பரப்பில் உள்ள செதில்களைக் கொழுப்பு அமிலத்தின் மிக மெல்லிய படலம் மூடியிருப்பதால், மேலே விழும் துளி தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கிறது. உள்ளே உள்ள புரதமோ ஆவி வடிவில் வரும் ஈரத்தை ஆவலோடு இழுத்துக்கொள்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தொட்டால் ஈரமாகத் தோன்றுவதில்லை. அவ்வாறு ஈரத்தை ஏற்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. உலர்ந்த அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் கம்பளி அணிந்து செல்பவருக்கு முதல் சில நிமிடங்கள் இதமாக இருப்பதன் காரணம் இதுதான். ஆனால் பின்னல் கம்பளி காற்றுக்குச் சல்லடை. சுவெட்டர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்று வீசத் தொடங்கியதும் அதன் சூடு பறந்துவிடும். ஆகவே கம்பளியை வெளி அடுக்காக அணிய வேண்டுமானால், அடித்து இறுக்கியதையே தேட வேண்டும்.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் லோடன் அத்தகைய துணி. முதலில் தளர்வாக நெய்து, பிறகு வெந்நீரிலும் சோப்பிலும் போட்டு அடித்துக் கசக்குவார்கள். கம்பளி நாரின் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு திரும்ப விடுபடாமல் போக, துணி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கி, நெசவுக் கண்ணே தெரியாத அளவுக்கு அடர்ந்துவிடும். அதன்பின் மேற்பரப்பில் எழும் மயிரைக் கீழ்நோக்கி ஒரே திசையில் வாரிப் படியவிடுவார்கள்; மழைத்துளி அந்தத் திசையிலேயே சறுக்கி இறங்கிவிடும், கூரை ஓலையின் மேல் நீர் இறங்குவதுபோல. வாங்கும்போது தோளிலிருந்து கீழ்நோக்கி ஒருமுறையும் மேல்நோக்கி ஒருமுறையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கீழ்நோக்கித் தடவும்போது வழவழப்பாகவும் மேல்நோக்கித் தடவும்போது சொரசொரப்பாகவும் இருந்தால் துணியைச் சரியான திசையில் வெட்டித் தைத்திருக்கிறார்கள். என்னிடம் உள்ள லோடன் மேலங்கி குளிர்ந்த தூறலிலும் ஈரப்பனியிலும் அரைநாள் நின்றிருக்கிறது. மேல்பரப்பை உதறினாலே பாதி நீர் போய்விடும். உள்ளே வரை நனைந்த பின்னும் பருத்தியைப்போல் அது சில்லிட்டு உடம்பில் ஒட்டுவதில்லை. தீப்பொறி பட்டால் கருகி அணைந்துவிடுகிறது. நைலானைப்போல உருகித் தோலில் பிடிப்பதில்லை. ஆகையால் நெருப்பருகே அமர்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது.

கனம்தான் லோடனின் குறை. பையில் மடித்து எடுத்துச் செல்ல முடியாத அளவுக்குப் பருமன்; எனவே நாள் முழுதும் அணிந்தே இருக்கக்கூடிய குளிருக்கே பொருத்தம். வெதுவெதுப்பான மழைக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பூச்சியரிப்பையும் கவனிக்க வேண்டும். ஆட்டின் இயற்கைக் கொழுப்பான லானோலின் கம்பளியில் இருப்பதால்தான் நீர் ஒட்டுவதில்லை என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஆனால் கம்பளியைச் சுத்தம் செய்யும் கட்டத்திலேயே அதில் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடுகிறது. கொழுப்பை விட்டுவைத்து நூற்றதாகத் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

மெழுகேற்றிய பருத்தியின் வழி வேறு. பாய்மரத் துணியில் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து மாலுமிகள் அணிந்ததிலிருந்து அது தொடங்குகிறது. அந்த எண்ணெய் நாளடைவில் மஞ்சளித்து, குளிரில் விறைத்து, மடிப்புகளில் வெடித்தது. பின்னர் பாரஃபின் சார்ந்த மெழுகுகள் அதன் இடத்தைப் பிடித்தன. மெழுகு துளைகளை நிரப்பிவிடுவதால் மழையைத் தாங்குவதில் இந்த நான்கில் இதற்கே முதலிடம். காற்றும் நுழையாது. முள்ளும் கம்பியும் இழுத்தாலும் எளிதில் கிழிவதில்லை. சிராய்ப்பை விரலால் தேய்த்தாலே மெழுகு மீண்டும் பரவி மூடிக்கொள்ளும். ஆனால் வியர்வை வெளியேறும் வழியும் அதே மெழுகால் அடைபட்டுவிடுகிறது. வேகமாக மேடேறுபவர் பத்து நிமிடத்தில் இதைக் கழற்றிவிடுவார். நின்று செய்யும் வேலைக்கும், மெதுவாக நடப்பதற்கும், இரு சக்கர வண்டி ஓட்டுவதற்கும் மிக ஏற்றது. வெயிலில் மெழுகு இளகி, உட்காரும் இருக்கையிலும் மற்றவர் உடையிலும் கறை ஒட்டும். அதன் மணமும் எல்லாருக்கும் பிடிப்பதில்லை.

மெழுகேற்றிய துணியை வாங்குபவர் ஒரு வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன், மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, பஞ்சால் தொட்டு முதலில் தையல்களிலும் மடிப்புகளிலும், பிறகு பரப்பிலும் தேய்க்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டினால் மெழுகு இழைக்குள் இறங்கும். இதை ஒருபோதும் சலவை இயந்திரத்தில் போடக் கூடாது. குளிர்ந்த நீரும் ஈரப்பஞ்சும் போதும். வீட்டிலேயே பழைய முறைப்படி ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும் தன்மையுடையது. எண்ணெய் ஊறிய கந்தலைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும். தேய்த்த துணியை விரித்து, தனியாக, காற்றோட்டத்தில்தான் உலர்த்த வேண்டும். கந்தலை நீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

நான்காவதான கலப்புத் துணி முழு இயற்கை அன்று என்றாலும், இதைப் பேசாமல் விட முடியாது. ஃபியால்ராவென் என்ற சுவீடன் உடை நிறுவனத்தின் ஜி-1000 துணி இவ்வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். 65 விழுக்காடு பாலியெஸ்டர், 35 விழுக்காடு பருத்தி. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த கட்டியை வேண்டிய இடத்தில் தேய்த்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் அந்த இடம் மழைக்குத் தாங்கும். தோளுக்கும் முழங்காலுக்கும் மட்டும் மெழுகிட்டு, அக்குளையும் முதுகையும் மூச்சுவிட விட்டுவிடலாம் என்ற வசதி எனக்கு மிகவும் பிடித்தது. மெழுகு அதிகமாகிவிட்டால் வெந்நீரில் துவைத்துக் குறைத்துக்கொள்ளலாம். மழையைத் தாங்கும் நேரம் மற்ற மூன்றையும்விடக் குறைவு. விரைவில் உலர்வதில் இதுவே முதல். இத்துறைக்குள் புதிதாக நுழைபவர்கள் இவ்வகைக் கால்சட்டையிலிருந்து தொடங்கலாம். கால் பகுதி எப்படியும் நனையப் போகிறது. அங்கே விரைவாக உலர்வதே முக்கியம்.

பட்டும் சணப்பும் ஆளிநாரும் பற்றிச் சில வரிகள் போதும். நெருக்கமாக நெய்த பட்டு மிக மெல்லிய எடையில் காற்றை நன்றாகத் தடுக்கும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்காது, எனவே உள் அடுக்காக வைத்துக்கொள்ளலாம். சணப்பும் ஆளிநாரும் பருத்தியைப்போலவே நனைந்தால் பருப்பவை, நனைந்த நிலையில் வலிமையும் கூடுபவை. பாய்மரங்களும் கித்தான்களும் நெடுங்காலம் இவற்றால் ஆனதற்கு அதுவே காரணம். உடையாக அணிய அவை சற்று முரடு, மடிப்பில் தேயும். துணிக்கு வெளியே போனால், வட துருவத்தை ஒட்டிய கடற்கரை மக்கள் சீல், வால்ரஸ் ஆகியவற்றின் குடலைப் பிளந்து உலர்த்தி, நரம்பு நூலால் நீர் நுழையாமல் தைத்து அணிந்த மேலங்கியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எடையில்லாமல், நீர் விடாமல், வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் பொருளை இத்துறை சவ்வாகக் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

‘மூங்கில் துணி’ என்று விற்கப்படுவதை வெளி அடுக்காக வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து வேதிமுறையில் இழுத்த விஸ்கோஸ். நனைந்தால் பருத்திக்கு நேர்மாறாக வலிமை இழக்கும். மற்றொன்று, இயற்கைத் துணி என்பதாலேயே அதன்மேல் வேதிப்பூச்சு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பருத்தி மேலங்கிகளிலும் துளி உருண்டோடுவதற்காக நீர் ஒட்டாப் பூச்சு கொடுப்பது வழக்கம். அதில் நெடுங்காலம் பயன்பட்டவை ஃபுளோரின் சேர்ந்த பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்கள். மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால் அவற்றுக்குத் தடை வந்துகொண்டிருக்கிறது: கலிஃபோர்னியா 2025இன் தொடக்கத்திலிருந்து துணிகளில் அவற்றைத் தடை செய்து, கடும் மழைக்கான வெளிப்புற உடைகளுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் அளித்தது, பிரான்ஸ் 2025இல் இயற்றிய சட்டம் 2026 முதல் உடைகளில் தடை விதித்தது. பழைய இருப்பை விற்பவர்களும் உண்டு என்பதால், பூச்சு எத்தகையது என்று கேட்டு, தெளிவான பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். மெழுகோ சிலிக்கோனோ சார்ந்த பூச்சுகள் நீரைத் தள்ளுவதில் போதுமானவை. எண்ணெய்ப் பிசுக்கைத் தள்ளுவதில்தான் பழையவற்றுக்கு ஈடாகமாட்டா. கழுத்துப்பட்டையை அடிக்கடி துடைத்துவைத்தால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது.

துவைப்பதில் செய்யும் தவறே நல்ல துணிகளைப் பெரும்பாலும் கெடுக்கிறது. சலவைத்தூளின் எச்சம் இழையில் தங்கினால் அது நீரை வரவேற்கும். துணியை மென்மையாக்கும் திரவம் அதைவிடக் கேடு. நெருக்கமான பருத்தியைச் சாதாரணச் சோப்பில் துவைத்து, நுரை அறவே நீங்கும்வரை இரண்டு மூன்று முறை அலசுகிறேன். கம்பளியைக் கூடிய மட்டும் துவைப்பதே இல்லை. ஈரக்காற்றில் ஓர் இரவு தொங்கவிட்டு, காய்ந்த பின் தூரிகையால் மயிர் படிந்த திசையிலேயே வாரிவிடுவதோடு சரி. எந்தத் துணியானாலும் ஈரம் முழுதும் போகாமல் மடித்து அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். என் மெழுகு மேலங்கியின் முதுகில் இன்றும் தெரியும் சாம்பல் நிறத் திட்டு, ஒரு வார அவசரத்தில் அப்படிச் சுருட்டி வைத்ததால் வந்தது.

ஒன்றே ஒன்று வாங்கப் போகிறவர் என்னைக் கேட்டால், நெருக்கமான பருத்தியில் தைத்த, தொடையின் நடுவரை நீளும், ஜிப்பின்மேல் மறைப்பும் முகத்தைச் சுற்றி இழுத்துக் கட்டக்கூடிய தலையுறையும் உள்ள மேலங்கியைச் சொல்வேன். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை அணியும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். உறைநிலையை ஒட்டிய ஈரக்குளிரில் நெடுநேரம் இருப்பவர் லோடனையும், முட்புதரிலும் வண்டியிலும் நாளைக் கழிப்பவர் மெழுகேற்றியதையும் எடுத்துக்கொள்ளட்டும். நாள் முழுதும் மழை கொட்டும் என்று தெரிந்தே கிளம்பும் நாள்களில், ஒதுங்கக் கூரையில்லாத வழியானால், பருத்தி மேலங்கியை அணிந்துகொண்டு, சவ்வு ஒட்டிய மெல்லிய மழையங்கியைப் பையின் மேல்வாயில் வைத்துக்கொள்கிறேன். தோளில் குளிர்ச்சி தட்டும்போது அதை மேலே போட்டுக்கொண்டால், அடியில் பருத்தி அதுவரை வாங்கிய ஈரத்தோடேயே காற்றை மறித்து நிற்கிறது.